பெயர் எழுதும் கட்டம்

விடிவதற்கு அரை மணி இருக்கும்போதே சலவை ஆலையில் ஆவி கிளம்பிவிடும். ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் ஈரத்தோடு மலையாய்க் குவிந்து கிடக்கும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, சுருக்கம் நீக்கி, கொதிக்கும் ரோலர் உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஏழு. வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்க ஒரு கை மிச்சமிருக்காது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் ரோலர் அப்படியே நின்றுவிட வேண்டும்.

மூன்றாம் ரோலர் அப்படி நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஃபாரம் அக்காவின் தங்கையுடைய வலது கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. மணிக்கட்டுக்குக் கீழே இப்போது கட்டு மட்டும்தான் இருக்கிறது.

ஃபாரம் அக்கா என்பது ஆலை வைத்த பெயர். எட்டு வருஷம் அவளும் ரோலரில் வெந்தவள்தான். தட்டச்சு தெரியும் என்று மாடியிலிருந்த கண்ணாடி அறைக்கு ஏற்றினார்கள். தினமும் வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் கைபேசியில் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும்: பெயர், ரோலர் எண், கடைசியில் "வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா?" என்று ஒரு காலிக் கட்டம். அதைத் திரட்டி முதலாளிக்கு அனுப்புவது அவள் வேலை. அந்தக் காலிக் கட்டத்தில் ஊர்க்கதை எல்லாம் வந்து விழும். கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பார்கள். மகள் பாஸாகிவிட்டாள் என்பார்கள். பாய்லர்காரர், வாய் எப்போதும் கொதித்துக்கொண்டே இருப்பதால் வெந்நீர் என்று பெயர் வாங்கியவர், முதலாளியின் சென்ட் வாசனையைப் பற்றி நாலு வரி எழுதுவார்.

விபத்துக்கு மறுவாரம் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"இந்தப் பழைய ஃபாரம் வேணாம்மா. வேற கம்பெனி ஃபாரத்துக்கு மாறிடுவோம். கேள்விய மட்டும் அங்க கொண்டுபோ. பழைய பதிலெல்லாம் வேணாம், அழிச்சிடு."

"கடைசிக் கட்டம் சார்?"

"அது எதுக்கு? வேலைக்கு வர்றாங்களா, கதை எழுத வர்றாங்களா? 'இயந்திரம் பாதுகாப்பாக உள்ளது'ன்னு ஒரு வரி போடு. அதுக்கு 'ஆம்' மட்டும் இருக்கட்டும். ஆம் தட்டினாத்தான் அன்னிக்கு வருகைப் பதிவு." குரலைத் தணித்துக்கொண்டார். "உன் தங்கச்சிய பத்தி யோசிச்சிட்டுத்தான் இருக்கேன். கட்டு பிரிச்சதும் உட்கார்ந்து செய்யிற வேலையா பார்த்துக் கொடுக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டாள். இரண்டு நாளில் புது ஃபாரம் தயார். பழையதை அழிக்கும்போது, "நிச்சயமாக அழிக்கவா? திரும்பக் கிடைக்காது" என்று திரை கேட்டது. அந்த இயந்திரத்துக்கு இருந்த தயக்கம்கூட அவளுக்கு இல்லை. தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. விபத்துக்குக் காரணம் ஊழியரின் கவனக்குறைவு; மூன்றாம் ரோலர் பற்றி எந்தப் புகாரும் எப்போதும் வந்ததில்லை; வியாழக்கிழமை வரும் ஆய்வாளரிடம் இதுவே சொல்லப்படும். அவள் அதைக் கடைசி வரி வரை படித்தாள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பது இதுதான். கத்தியை எடுத்துக் கொடுத்தவள் அவளே.

சாப்பாட்டு இடைவேளையில் தங்கை வந்தாள். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி, விரிப்புக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே நின்றாள்.

"அக்கா, புகாரே இல்லன்னு ஒட்டியிருக்காங்க. நான் எழுதினத எடுத்துக் காட்டு. நாப்பது நாள் எழுதினேன். 'மூணாம் ரோலர் கம்பி நிக்கல'ன்னு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எடுத்துக் காட்டுக்கா."

"இல்லடி. அழிச்சிட்டேன்."

தங்கை ஓர் அடி முன்னால் வந்தாள்.

"படிக்காமயா அழிச்ச?"

"தினமும் படிச்சேன். முதல் வாரமே சார்கிட்ட சொன்னேன். அந்தக் கட்டத்த மறைச்சிட்டு அனுப்புன்னார். மறைச்சேன். நாப்பது நாளும் மறைச்சேன். உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்டி."

தங்கை அழவில்லை. திட்டவும் இல்லை. கூடப்பிறந்தவளை யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். அக்கா தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். யாரும் தேற்ற வரவில்லை.

கடைசியில் வெந்நீர்தான் பேசினார். "அழுதது போதும், எழுந்திரு. எழுத்துதானே போச்சு? எழுதினவ நிக்கிறா. படிச்சவ நீ இருக்க. வியாழக்கிழமை ஆய்வாளர்கிட்ட இத அப்படியே சொல்லுவியா? மாடி நாற்காலி போயிடும், தெரியும்ல?"

"சொல்றேன்."

"இவ ஒருத்தி சொன்னா, தங்கச்சிக்காகப் பேசுறான்னுடுவாங்க. அந்தக் கம்பி இன்னிக்கும் நிக்கல, ஆனா புது ஃபாரத்துல எழுத இடமே இல்லையே" என்றார் ஒருவர்.

மூன்றாம் ரோலரில் இப்போது நிற்கும் நெட்டைக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இன்னிக்குக் காலைல பழக்கதோஷத்துல பேர் கட்டத்துல எழுதிட்டேன். 'கம்பி நிக்கல'ன்னு. அது பாட்டுக்கு வாங்கிக்கிச்சே. தப்பா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெந்நீர் முதல்முறையாகச் சிரித்தார்.

மறுநாள் விடியலில் ஆவி கிளம்பியது; ரோலர் ஒன்றும் சுழலவில்லை. மாடியில் அக்காவின் திரையில் வரிகள் விழத் தொடங்கின. பெயர்: மூணாம் ரோலர் கம்பி நிக்கல. அடுத்தவர் பெயரும் அதே. அதற்கடுத்ததும் அதே. நாற்பத்தாறு பேர்.

முதலாளி ஓடிவந்தார். "என்னம்மா கூத்து இது? பேரையெல்லாம் திருத்து!"

"என்னன்னு திருத்த சார்? அந்த ரோலர்ல நிக்கிற யாருக்கு வேணும்னாலும் அந்த விபத்து நடந்திருக்கும்."

"உன் தங்கச்சி வேலைய நினைச்சுப் பேசு."

"அவ கைய நினைச்சுத்தான் சார் பேசுறேன்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் படியிறங்கினாள். அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். கீழே எல்லாரும் மூன்றாம் ரோலரைச் சுற்றி நின்றிருந்தார்கள். வழிவிட்டார்கள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

நடுவில் தங்கை. கைபேசியை முழங்காலில் வைத்து, இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாய்த் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உதவக் கை நீட்டினாள்.

"தொடாத. நானே எழுதிப்பேன்."

கை திரும்பியது. கட்டைவிரல் வழுக்கியது, அழித்தது, மறுபடி தட்டியது. முதலாளிகூட எட்டிப் பார்த்தார். முடித்ததும் தங்கை, முகத்தைப் பார்க்காமலே, கைபேசியை அக்காவிடம் நீட்டினாள்.

"நீ படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

அவள் எழுந்து நின்று, நாற்பது நாள் மறைத்ததை உரக்கப் படித்தாள்: "மூணாம் ரோலர் கம்பி நிக்கல."