கலங்கல்

சுல்தான் பீவி சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டுவந்த கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். அடியில் இரண்டு ஸ்பூன் பால்.

"நேத்து அழுக்குன்னு வெரட்டுனிய. இன்னிக்கு மருந்தாயிட்டாக்கும்?"

சங்கரபாண்டி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் தோளில் அவன் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்து எழுபது நாள். இடது கண் சீழால் ஒட்டி ஐந்து நாளாகிறது. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து கேட்கவில்லை. கருவிழியில் புகை படர்கிறது, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று காலையில் சொல்லிவிட்டார். ரயில் ஒரு மணிக்கு. பக்கத்து வீட்டு பீவி, தன் பிள்ளைக்குப் போக மிச்சத் தாய்ப்பாலை இதற்கும் கொடுத்து வளர்த்துவருகிறாள். நேற்று அவள் இந்தப் பிள்ளையின் கண்ணிலேயே பாலைப் பீச்சிவிட்டதைப் பார்த்துத்தான் அவன் கத்தினான். இந்த ஆஸ்பத்திரியின் மைக்ராஸ்கோப் அறையில் வேலை பார்ப்பவன் பின்னே எப்படிக் கத்தாமல் இருப்பான்? கத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் சீமைப் பத்திரிகையில் படித்தது நினைவுக்கு வந்தது. கிருமிக்கும் ஒரு மதில் உண்டு. அது எதனால் கட்டியது என்று எழுதினவருக்கே தெரியவில்லை. ஆனால் அதைக் கரைக்கிற சத்து ஒன்று கண்ணீரிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறதாம். மதில் கரைந்தால் கிருமி உப்பி வெடித்துவிடும். கலங்கிய நீர் தெளிந்துவிடும். முதலில் கண்ணீரில்தான் பார்க்க நினைத்தான். மனைவி வடிவம்மாள் பிரசவக் காய்ச்சலில் போன அன்றுகூட அவனுக்கு அது வரவில்லை. அவள் ரத்தத்தை இதே மைக்ராஸ்கோப்பில் பார்த்தவன் அவன். ஊதா மணிகளைக் கோத்த மாலைபோல் கிருமிகள். கிருமி தெரிவதற்காக ஏற்றிய சாயம் ஸ்பிரிட்டில் கழுவியும் விடவில்லை. அந்தக் கண்ணாடிச் சில்லு இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

பாலைத் திரைத்து வடித்தான்.

"என்னவே சயின்ஸு, மோர்ப்பந்தலா?" என்றார் வாசலில் நின்ற கம்பவுண்டர் கடற்கரை. பிள்ளையைப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்துபோனார்.

இரண்டு குழாய்கள். ஒன்றில் காற்றிலிருந்து பிடித்து வளர்த்த மஞ்சள் கிருமி. மற்றதில் மகளின் கண் சீழிலிருந்து வளர்த்தது. இரண்டும் கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கியிருந்தன. இரண்டிலும் வடித்த பால் தெளிவை ஐந்தைந்து சொட்டு விட்டு வெந்நீரில் நிறுத்தினான். பத்து நிமிஷத்தில் முதல் குழாய் வெளிறியது. இருபதில் அதன் பின்னால் சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்தது. இரண்டாவதும் தெளிந்துவிட்டால் ரயில் வேண்டாம். பிள்ளை பீவி மடியிலேயே கிடக்கட்டும். இரண்டாவதைத் தூக்கிப் பிடித்தான். முள் தெரியவில்லை. அரை மணி. முக்கால் மணி. செங்கோட்டையிலிருந்து ரயில் வர இன்னும் அரை மணிதான்.

"தெளிஞ்சுட்டா?"

"ஒண்ணு தெளிஞ்சிட்டு. அது யாருக்கும் நோவு தராத கிருமி, பீவியக்கா."

"இவ கண்ணுல உள்ளது?"

அவன் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். பீவி சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தோள் மாற்றினாள்.

"டிக்கெட்டு எனக்கும் சேத்து எடுங்க. எம் பிள்ளைய மாமி பாத்துக்கிடும். இவ வழியில என்னத்தக் குடிப்பா, ஒங்க மோரையா?"

ஸ்டேஷன் மேடையில் சாரல் அடித்தது. பீவி முந்தானைக்குள் பிள்ளையின் முகத்தை மறைத்துக்கொண்டாள். சட்டைப் பையில் இரண்டாவது குழாய் கனத்தது. எடுத்து, குற்றால மலைக்கு நேரே பிடித்துப் பார்த்தான். மலை தெரியவில்லை. குழாயை இறக்கினான். அப்போதும் தெரியவில்லை. கண்ணும் கலங்கியிருந்தது.