கண் அசந்த சேதி

நவநீதகிருஷ்ணன் பதினாறு வருஷமாக முட்டை லாரி ஓட்டுகிறவன். சளிக்குக் காட்டப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அஸ்தம்பட்டி போனான். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மல்லசமுத்திரம் திரும்பும்வரை பஸ்ஸில் அதையே பிரித்துப் பிரித்துப் பார்த்தான். ஒரு சொல்தான் எழுத்துக்கூட்ட வந்தது: டோஸ்.

மனைவி தனப்பிரியா இங்கிலீஷ் டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவளிடம் சீட்டை நீட்டினான்.

"எத்தனை டோஸ் மருந்துன்னு பாரு அம்மிணி."

படித்தவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "இது மருந்து டோஸ் இல்லீங்க, எழுத்து வேற. எஸ் இல்ல, இசட். கண் அசர்றதுன்னு அர்த்தம். நம்ம கோழித்தூக்கம்." நிமிர்ந்தாள். "வண்டி ஓட்டறப்ப அசந்துட்டாருன்னு எழுதியிருக்குது. எப்பங்க?"

தன் கையாலேயே காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவனுக்கு உடம்பு குறுகியது.

"மூணு வாரம் ஆச்சு. கரூர் தாண்டி. கண்ணைத் தொறந்தா வண்டி மண்ணுல ஓடுது. பஸ்ஸுக்கு நின்ன ஒரு அம்மாளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்னுச்சு. திட்டும்னு எறங்கினேன். தண்ணி பாட்டிலைக் குடுத்து, கொஞ்சம் படுத்துட்டுப் போ சாமின்னுச்சு." நெற்றியில் அடித்துக்கொண்டான். "நானெல்லாம் ஒரு டிரைவரா? முட்டாப்பய."

அவள் திட்டவில்லை. தடித்த அகராதியை எடுத்துப் புரட்டினாள்.

"வடக்கே பனிநாட்டுப் பக்கமிருந்து வந்த சொல்லுபோல இருக்குது. முதல்ல தூக்கம்னு அர்த்தமே இல்லீங்களாம். புத்தியை மயக்கறதுதான். தலைசுத்தலுக்கு இங்கிலீஷ்காரங்க சொல்ற 'டிஸ்ஸி'ங்கற சொல்லும் இதுக்கு உறவாம். ஆதியில அதுக்கு முட்டாள்னு அர்த்தம்."

"அதைத்தான நானுஞ் சொன்னேன்."

"அவங்களே அந்த அர்த்தத்தை உட்டுட்டாங்க. நீங்க எதுக்குங்க புடிச்சுத் தொங்கறீங்க?"

மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தான். டாக்டர் சொன்னதையும் சொன்னான்: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம், அதனால்தான் பகலில் கண் அசர்கிறதாம், செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் சோதனை செய்ய வேண்டுமாம்.

"செவ்வாய்க்கெழமை நானும் வாரேன்" என்றாள்.

அவள் பக்கத்திலேயே வெறுந்தரையில் சாய்ந்தான். கண் சொருகியது. மாற்று டிரைவர் யோகேஷுக்கு அவள் போன் போட்டுப் பேசுவது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"சரியாகற வரைக்கும் லாரியை நீங்களே பாத்துக்கோங்க. இல்லீங்க, இப்ப எழுப்ப முடியாது. தூங்கறாரு."

அந்தச் சொல்லைக் கேட்டபடியே நிஜமாகத் தூங்கிப்போனான்.