இரண்டு மணி நேரம் கூடுதல் சாயம்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குச் சாயக்கா என்றுதான் பெயர். எலி மூளையை இடம் இடமாகப் பிரித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடில் ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. வேலையென்றால் அப்படியொரு சுத்தம். அந்தக் கர்வம்தான் அவளைக் கவிழ்த்தது.

அன்று காலை பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஆய்வகத் தலைவி மேடம் ஆராய்ச்சி மாணவியிடம் பேசுவதைக் கேட்டதும் அவள் கதவோரமாக நின்றாள்.

“நட்சத்திரச் செல்லு மூளை முழுக்க ஒரே மாதிரியா இருக்கும்? உள்ள ஞாபகத்துக்குன்னு இருக்கிற ஹிப்போகாம்பஸ்ல அதுக்குச் சாயம் பளிச்சுனு பிடிக்கும், மூளையோட மேல்பட்டையில மங்கலாத்தான் பிடிக்கும். வயசானா அந்த வித்தியாசம் எவ்வளவு மாறுதுங்கறதுதானே உன் ஆராய்ச்சியே. நீ ரெண்டும் ஒண்ணுங்கற. ஸ்லைடைப் பாக்காம உக்காந்த எடத்துலயே நம்பரை எழுதிட்டியா?”

“இல்ல மேடம். ஸ்லைடுல இருந்ததைத்தான் எழுதினேன்.” மாணவியின் குரல் உடைந்தது.

சாயக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மங்கலாக வந்தால் தன் கைவேலை கெட்டுவிட்டது என்றல்லவா நினைத்தாள்! மங்கிய மேல்பட்டைத் துண்டுகளை அப்போதே குப்பையில் போட்டிருந்தாள். புதிதாகச் சீவி, ஒரு மணி நேரம் ஊற வேண்டியதை மூன்று மணி நேரம் ஊற வைத்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் பொய்க்காரியாகிவிடுவாள். பாழாய்ப்போன கர்வம், யார் தலையில் போய் விடிந்தது பார்த்தீர்களா?

உள்ளே போய் நின்றாள்.

“அவ மேல தப்பில்ல மேடம். மேல்பட்டைக்கு மட்டும் நான்தான் சாயத்துல கூட நேரம் ஊற வச்சேன்.”

முழுவதும் கேட்டுவிட்டு மேடம் மாணவியைப் பார்த்தார். “உன்னைச் சந்தேகப்பட்டது தப்பும்மா.”

சாயக்காவுக்குப் பாதி உயிர் வந்தது. வேலை போனால் போகட்டும்.

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இவள் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“மேல்பட்டை மிச்சம் இருக்காக்கா? ஒரு எலிக்கு ஒரு துண்டு இருந்தாக்கூடப் போதும். நானே சாயம் போட்டுக்கறேன்.”

“இல்லம்மா. தூக்கிப்போட்டுத் தூக்கிப்போட்டு, எல்லாத்தையும் சீவித் தீத்துட்டேன்.”

மாணவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“குட்டியா வாங்கி, வயசாகட்டும்னு ரெண்டு வருஷம் வளத்த எலிங்கக்கா,” என்றாள். “மறுபடி வளக்க இன்னும் ரெண்டு வருஷம் என்னை யாரு இங்க வச்சிருப்பா?”