வளையாத வண்டி

கார்லிஸ் பெட்வே குவைத்தில் வேலை முடிந்து திரும்பி வந்த சனிக்கிழமை, அவனுடைய ஹயாபுசா மோட்டார் சைக்கிள் எங்கள் பைக் கிளப் வீட்டின் பின்பக்கம் ஒரு படுக்கை விரிப்புக்குள் மூடிக் கிடந்தது. பக்கத்தில் விலா எலும்புக் கறி வெந்துகொண்டிருந்தது. விரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறதென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

போகும்போது அவன் விட்டுவிட்டுப் போனது, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்த ஒரு கறுப்பு வண்டி. ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டமாட்டான். எங்கள் கொலம்பஸ் ஊரில் பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் அதை நீட்டுவார்கள், தாழ்த்துவார்கள், பளபளக்க வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் நாலு பேர் பார்க்க நிறுத்துவார்கள். கார்லிஸ் அப்படியில்லை. விடுமுறை கிடைத்தால் விடியும் முன்னே கிளம்பி, எங்கள் ஜார்ஜியா மாநிலத்தின் வடக்குக் கோடியில் இருக்கிற சூச்சஸ் மலைக்குப் போய்விடுவான். அங்கே பாதை பாம்பு மாதிரி நெளியும். எங்கள் டயரெல்லாம் நடுவில் தேயும். வளைவுகளில் சாய்த்துச் சாய்த்து ஓட்டுவதால் அவனுடையது ஓரத்தில் தேயும். ஒருமுறை அங்கே விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தான். கட்டுப் பிரித்த வாரமே மறுபடியும் போனான்.

அவன் குவைத்தில் இருந்தபோது அவனுடைய அம்மா எர்னஸ்டீன் இறந்துபோனார். சர்ச்சில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கார்லிஸுக்கு நேரத்துக்கு விமானம் கிடைக்கவில்லை. போனில்தான் அடக்கத்தைப் பார்த்தான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவன் நிற்க வேண்டிய இடத்தில் பிஸ்கட் நின்றான்.

பிஸ்கட்டின் சொந்தப் பெயர் ரூஃபஸ் மேக்கன். அந்தப் பெயரைச் சொல்லி அவனுடைய மனைவிகூடக் கூப்பிடுவதில்லை. ஒரு டயர் கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டு வண்டிகளை மாற்றிக் கட்டுகிறவன். கார்லிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டவன். வண்டியை அவனிடம்தான் விட்டுவிட்டுப் போயிருந்தான் கார்லிஸ்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் பிஸ்கட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விரிப்பை இழுத்தான்.

வண்டி ஊதா நிறத்தில் இருந்தது. வெயில் பட்ட இடத்தில் சிவப்பாகவும், நிழல் விழுந்த இடத்தில் கிட்டத்தட்ட கறுப்பாகவும் மாறுகிற ஊதா. பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக மாற்றியிருந்ததால், சக்கரம் வேறு யாருடைய வண்டியையோ சேர்ந்தது போல வெகுதூரம் தள்ளி நின்றது. டயர் தடித்திருந்தது. அடிவயிறு தரையைத் தொட்டுவிடும் போல இருந்தது. ஒவ்வொரு போல்ட்டிலும் முகம் பார்க்கலாம். பெட்ரோல் டாங்கின் மேல், ஓட்டுகிறவனை அண்ணாந்து பார்ப்பது போல, வண்ணத்தில் எழுதிய எர்னஸ்டீன் அம்மா. ஈஸ்டருக்குப் போடுகிற ஊதாத் தொப்பி. எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விடுகிற அந்த உதடு.

கார்லிஸ் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். பின்சக்கரத்துக்கும் இருக்கைக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் கையை விட்டு எடுத்தான்.

"என்னடா, பேச்சையே காணோம்?" என்றான் பிஸ்கட்.

"அம்மா மாதிரியே இருக்கு."

"அம்மாதான்டா. வண்டி எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"அழகா இருக்கு," என்றான் கார்லிஸ். பிறகு பிஸ்கட்டைக் கட்டிப்பிடித்தான். எல்லோரும் கைதட்டினோம். அவன் முகம் பிஸ்கட்டின் தோளுக்கு மேலே தெரிந்தது. விமான நிலையத்தில் தவறான வாசலுக்கு வந்துவிட்டவனின் முகம் அது.

மறுநாள் ஓட்டிப் பார்த்தான். தெருமுனையில் திருப்ப முடியவில்லை. கப்பலைத் திருப்புவது போல எதிர்ப்பக்கம் வரை போய்த்தான் திரும்பியது. சர்ச் வாசல் வேகத்தடையில் அடிவயிறு உரசி, கும்பிட வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டது. குனிந்து ஓட்டினால் அம்மாவின் முகம் நெஞ்சில் படுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது. ஆனால் சிக்னலில் நின்றபோது பக்கத்துக் காரிலிருந்து ஒரு பெண் கண்ணாடியை இறக்கி, "உங்க அம்மாவா? என்ன அம்சமா இருக்காங்க," என்றாளாம். பச்சை விழுந்தும் அவனுக்குக் கிளம்பத் தோன்றவில்லையாம்.

இதையெல்லாம் அவன்தான் என்னிடம் சொன்னான். நான் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அவன் மதிய வேளையில் வந்து வாகன நிறுத்தத்தில் காத்திருப்பான். என்னிடம் ஒரு சின்ன வண்டி இருக்கிறது. கிளப்பில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. அதனாலேயே அவன் கேட்டானோ என்னவோ.

"டோனெட், மறைக்காமச் சொல்லு. உனக்கு அது பிடிச்சிருக்கா?"

"நின்னா அழகு. ஓடினா பயம்."

"அது பதிலே இல்ல."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"அதைத்தானே உங்கிட்ட கேட்டுட்டிருக்கேன்," என்றான்.

ஊரில் ஆளுக்கு ஒரு பேச்சு. கிளப்பில் பாதிப் பேர் மாநிலத்திலேயே இப்படி ஒரு வண்டி இல்லை என்றார்கள். அவர்கள் புகழப் புகழ கார்லிஸின் முகம் சுருங்கும். "திரும்பாத வண்டியை வச்சு என்ன செய்யறது?" என்று முனகுவான். பெட்ரோல் பங்க்கில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், தன்னுடைய நெடும்பயண மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டு, "நல்ல வண்டியைக் கெடுத்து வச்சிருக்கியேப்பா. அந்த எஞ்சினைச் செஞ்சவன் பார்த்தா அழுதுடுவான்," என்றார். கார்லிஸின் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அவனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்த வண்ணத்துக்கு எத்தனை பூச்சு, அந்த ஆர்மை யார் வெட்டி ஒட்டினார்கள், இந்த ஊரில் எங்கள் கறுப்பின ஆட்கள் எத்தனை காலமாக இப்படிக் கட்டி வருகிறார்கள் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டு வந்தான். வந்து என்னிடம், "நான் ஏன் அப்படிப் பேசினேன்னு எனக்கே தெரியல," என்றான்.

அவனுடைய அக்கா ஷெரிட்டாவுக்கு அந்த விஷயத்தில் குழப்பமே கிடையாது. முதல் தடவை பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"அம்மாவுக்கு மோட்டார் சைக்கிள்னாலே ஆகாது. நீ வெளிய போனா வாசல் கதவைப் பூட்டாம உட்கார்ந்திருப்பாங்க. அவங்களைக் கொண்டுபோய் அதுமேலயே எழுதி வச்சிருக்கானே, அந்தப் பிஸ்கட்டுக்கு மூளை இருக்கா?"

"நான் எழுதச் சொல்லலையே அக்கா."

"அழிக்கவும் சொல்லலையே நீ."

அப்படிச் சொன்னவள் வேலைக்குப் போகும் வழியில் தினமும் அவன் வீட்டுக் கொட்டகையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஒருநாள் டாங்கின் மேலிருந்த தூசியைத் தன் சட்டை நுனியால் துடைப்பதை நான் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "பறவை எச்சம்," என்றாள். அங்கே அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிஸ்கட் அவனை ஊருக்கு வெளியே இருக்கும் நேர்ப்பாதைப் பந்தயத்துக்கு வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனான். "சும்மா ஒருதடவை திருகிப் பாரு. பிடிக்கலைன்னா அப்புறம் பேசிக்கலாம்." விளக்கு பச்சையானதும் முன்சக்கரம் தரையை விட்டு மேலெழும்பவேயில்லை. அந்த நீளம் வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. மற்ற வண்டிகளில் ஆள் சக்கரத்தை அடக்கப் பாடுபடுவான். இவன் தூக்கி எறியப்பட்ட கல் மாதிரி போனான். பக்கத்துப் பாதையில் வந்தவன் பாதி வழியிலேயே ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை விட்டுவிட்டான்.

பந்தய முடிவுக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய் நின்ற கார்லிஸ் திரும்பி வரவில்லை. நானும் பிஸ்கட்டும் டிரக்கை எடுத்துக்கொண்டு போனோம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏதாவது உடைஞ்சிருச்சா?" என்று பிஸ்கட் பதறினான்.

"இல்ல. நல்லா இருந்துச்சு." பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "இவ்வளவு நல்லா இருக்கும்னு நான் நினைக்கல," என்றான். சந்தோஷப்பட்ட குரலாக அது இல்லை.

அடுத்த வாரம் அவன் பிஸ்கட்டின் கொட்டகைக்குப் போனான். கூட வரச் சொன்னான், போனேன். பிஸ்கட் தரையில் உட்கார்ந்து யாருடைய வண்டிச் சங்கிலிக்கோ எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"பழையபடி மாத்திடு," என்றான் கார்லிஸ். "வண்ணம் இருக்கட்டும். அம்மா இருக்கட்டும். அந்த ஆர்மை மட்டும் எடுத்துடு. எனக்கு மலைக்குப் போகணும்."

பிஸ்கட் நிமிரவில்லை. "முடியாது."

"பழசை வித்துட்டியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

பிஸ்கட் எண்ணெய்க் குப்பியை மூடினான். மூடி சரியாக உட்கார்ந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தான்.

"நீ குவைத்துக்குக் கிளம்பின மாசமே எர்னஸ்டீன் அம்மா இங்க வந்தாங்க. இதோ, இந்த ஸ்டூல்ல உட்கார்ந்தாங்க. 'ரூஃபஸ், அவன் திரும்பி வந்ததும் நேரா அந்த மலைக்குத்தான் போவான். நான் சொன்னா கேக்கமாட்டான். அந்த வண்டி வளைவுல போகாதபடி ஏதாவது பண்ண முடியுமா?'ன்னு கேட்டாங்க. வண்டியைக் கெடுக்கச் சொல்றாங்களோன்னு நினைச்சேன். 'கெடுக்கவேண்டாம், அவன் கோவிச்சுக்குவான், அழகாப் பண்ணு'ன்னாங்க. நீட்டித் தாழ்த்தினா அது திரும்பாதும்மான்னேன். 'அப்படின்னா அதைச் செய்'ன்னாங்க. நிறத்தைக்கூட அவங்கதான் சொன்னாங்க."

கார்லிஸ் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் மேல் ஒரு அழுக்குத் துணி கிடந்தது.

"நேரா இன்னும் வேகமாப் போகும்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"அவங்க கேக்கல."

"முகத்தை எழுதச் சொன்னதும் அவங்கதானா?"

"அது நான். அவங்க போனப்புறம். பெட்டியைத் தூக்கிட்டு வந்தப்புறம் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலடா. கை சும்மா இருக்கமாட்டேங்குது."

"முதல் நாளே ஏன் சொல்லல?"

"நீ அழகா இருக்குன்னு சொன்னியே. அப்படியே விட்டுடலாம்னு நினைச்சேன்."

கார்லிஸ் கத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே போய் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். நான் பின்னாலேயே போனேன்.

"என்னை ஏமாத்திட்டாங்களா, இல்ல எனக்கு நல்லது பண்ணாங்களா?" என்று கேட்டான்.

"ரெண்டும்தான் போல."

"ரெண்டும்னா நான் யார்மேல கோபப்படறது?"

டாங்கின் மேலிருந்து எர்னஸ்டீன் அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உதடு இன்னும் எதையும் சொல்லவில்லை.

அதன் பிறகு சில வாரங்கள் அவன் வண்டியைத் தொடவில்லை. வேலைக்கு ஷெரிட்டாவின் காரில் போனான். நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னபோது, அவள் அம்மாவின் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தானாம். அவளோ, "செத்தவங்க சொன்னாங்கன்னு உயிரோட இருக்கறவன் தெருமுனையில திரும்ப முடியாம நிக்கணுமா? போய் மாத்துடா," என்றாளாம். பிறகு அழுதாளாம். பிறகு, மலையில் மட்டும் மெதுவாகப் போகச் சொன்னாளாம்.

கடைசியில் வண்டியை மாற்றியது பிஸ்கட்தான். வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்றான். கொட்டகைப் பரணில் போர்வை சுற்றி வைத்திருந்த பழைய ஆர்மை இறக்கினான். ஒரு சனிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒரு போல்ட் இறுகிக்கொண்டு வர மறுத்தபோது பிஸ்கட் மேலே கூரையைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க அம்மா," என்றான். கார்லிஸ் அதைக் கேட்டும் கேட்காதது போல ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அக்டோபரில் நாங்கள் சூச்சஸ் போனோம். அவன் முன்னால், நான் என் சின்ன வண்டியில் பின்னால், பிஸ்கட் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் டிரக்கில், எதற்கும் இருக்கட்டும் என்று. இலையெல்லாம் நிறம் மாறியிருந்தது. முதல் வளைவில் கார்லிஸ் சாய்ந்தான். பழைய சாய்வில் பாதிகூட இல்லை. இரண்டாவதில் இன்னும் குறைந்தது. என்னால் அவனைத் தொடர்ந்து போக முடிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் இரண்டு வளைவுக்குள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவான்.

மேலே வண்டிகள் நிற்கும் இடத்தில் நிறுத்தினோம். அங்கே வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பெண், தோல் உடையோடு, வண்டியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். உடையின் முட்டியில், வளைவில் சாய்ந்து தரை உரசிய தடங்கள்.

"யார் இது?"

"எங்க அம்மா."

"அவங்களும் ஓட்டுவாங்களா?"

"இல்ல. அவங்களுக்கு இது சுத்தமாப் பிடிக்காது. குறிப்பா இந்த மலை."

அந்தப் பெண் புரியாமல் சிரித்தாள். "அப்புறம் ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

"தெரியலைங்க," என்றான் கார்லிஸ். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் தன் ஆட்களிடம் போய்விட்டாள்.

டிரக் வந்து சேர்ந்தது. பிஸ்கட் வறுத்த கோழிப் பொட்டலத்தை எடுத்து வைத்தான். "ஹேண்டில்ல உதறல் ஏதும் இருக்கா? பின்பக்கம் ஆடுதா?"

"வண்டி சரியா இருக்கு. நான்தான் மெதுவாப் போறேன்."

"பயமா?"

"பயம் இல்ல. ஒவ்வொரு வளைவுலயும் கை தானா ஆக்ஸிலேட்டரை விட்டுடுது. நான் விடலடா. அதுவா விட்டுடுது."

பிஸ்கட் கோழிக் காலை அவனிடம் நீட்டினான். "திரும்பவும் நீட்டிடவா?"

கார்லிஸ் சாப்பிட்டுக்கொண்டே பள்ளத்தாக்கைப் பார்த்தான். கீழே பாதையில் யாரோ வேகமாகப் போகும் சத்தம் ஏறியிறங்கிக் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்தான். இறங்கும்போது என்னை முன்னால் போகச் சொன்னான்.