கருவிழிக்குச் சாலை வேண்டி

ஞானதிரவியத்தின் வலது கருவிழிப் படலம், தன் பகுதிக்கு இரத்தச் சாலை போட்டுத் தரும்படி திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருந்தது. அன்று அவர் ஏழாம் எண் நகரப் பேருந்தைக் கலெக்டர் அலுவலக நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, ஆட்கள் ஏறி இறங்கும்வரை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் படலம் போய் வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டது. பத்து நாள் கழித்து உள்ளுடல் சாலைகள் கோட்டத்திலிருந்து பதிவுத் தபால் வந்தபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். கருவிழிப் படலம் என்பது கண்ணின் முகப்பில் கண்ணாடி மாதிரி இருக்கும் இடம். வெளிச்சம் அந்த வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். அங்கே சாலை போட்டால் வண்டியின் முன்கண்ணாடியில் செம்மண் அடித்த மாதிரி ஆகிவிடும். அடுத்த மாதம் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை இருந்தது. தேறாதவர்களுக்கு டிப்போ வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுப்பார்கள். அதில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை நோட்டில் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மனுவின் நகலை அவர் மனைவி அமலோற்பவம் உரக்க வாசித்தார்.

"ஐயா, இந்த உடலில் ஒரு லட்சம் கிலோமீட்டர் சாலை இருப்பதாகச் சொல்கிறார்கள். உலகத்தை இரண்டரை முறை சுற்றி வரலாமாம். இடது கால் சுண்டுவிரலுக்குக்கூட ஒற்றையடிப் பாதை போட்டு, சிவப்பணுக்கள் ஒருவர் பின் ஒருவராக உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய் வருகிறார்கள். இருதயத்தில் கிளம்பும் இரத்தம் ஒரே நிமிடத்தில் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. எங்கள் பகுதிக்கு மட்டும் ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக ஒரு சொட்டு வந்ததில்லை. காற்றையும் கண்ணீரையும் வைத்துத்தான் பிழைக்கிறோம். கடந்த ஏழு மாதமாகக் கண்ணீர் வரத்தும் சரியில்லை. ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து..."

"நல்லாத்தான் எழுதியிருக்கு," என்றார் அமலோற்பவம். "சுண்டுவிரலை இழுத்ததுதான் கொஞ்சம் பொறாமை."

புதன்கிழமை ஞானதிரவியத்துக்கு வார ஓய்வு நாள். அன்று காலை கோட்டத்திலிருந்து உதவிப் பொறியாளர் மெஹருன்னிசா வந்தார். கையில் அளவு நாடா, கழுத்தில் கயிறு கட்டிய விசில். ஞானதிரவியத்தை ஜன்னலைப் பார்க்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இமையை விலக்கி அளந்தார்.

"குறுக்க பன்னிரண்டு மில்லிமீட்டர். கனம் அரை மில்லிமீட்டர். சின்ன ஊர்தான் அண்ணாச்சி. ஆனா சின்ன ஊருன்னு சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது."

"அந்த ஒரு லட்சம் கிலோமீட்டரு நெசமா மேடம்?"

"ஃபைல்ல அப்படித்தான் இருக்கு. யாரும் முழுசா அளந்ததில்ல."

"ரோடு போட்டா எனக்குக் கண்ணு தெரியாதே."

"தெரியாது. ஆட்சேபணைன்னு எழுதிக்கிடுதேன். ஆனா அங்க குடியிருக்கவங்க சொல்லுக்குத்தான் முதல் மதிப்பு." மெஹருன்னிசா குனிந்து இன்னொரு முறை பார்த்தார். "வெள்ளை விழி ஓரம் வரைக்கும் வேலை வந்துட்டு. செவந்து கெடக்கு, பாத்தீங்களா?"

பத்து நாளாக அதைத் தூசி என்றுதான் ஞானதிரவியம் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு விதி இருக்கு," என்றார் பொறியாளர். "நீர் வரத்து தாராளமா இருந்தா ரோடு தேவையில்ல. இங்க ஏழு மாசமா இமையை நனைக்கிற அளவுக்குத்தான் வருது. ஏழு மாசத்துக்கு முன்னால என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே."

அமலோற்பவம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் பேச்சிமுத்து செத்துப்போனான். பத்தொன்பது வருஷம் ஏழாம் எண் வண்டியில் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் பெரும்பகுதி அதுதான். பேச்சிமுத்து கோபமாக இருந்தால் இரண்டாவது விசில் கொஞ்சம் நீளும். பசியோடு இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். திரும்பிப் பார்க்காமலே ஞானதிரவியத்துக்கு எல்லாம் விளங்கிவிடும். தகனத்தன்று மாற்று ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று டிப்போவில் கையை விரித்துவிட்டார்கள். அவரே வண்டியை எடுத்தார். ஆற்றங்கரைச் சுடுகாட்டைத் தாண்டி அன்றைக்கு எட்டு முறை போனார், எட்டு முறை வந்தார். புகை தெரிந்தது. புதிதாக வந்த கண்டக்டருக்கு விசில் பழக்கமில்லை. வண்டியின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினான், இவர் கிளம்பினார். வண்டி ஓட்டும்போது அழக்கூடாது என்பது ஞானதிரவியத்தின் கொள்கை. இறங்கிய பிறகு அழுதுகொள்ளலாம் என்று இருந்தவர், அப்படியே விட்டுவிட்டார்.

நீர் வரத்தைச் சரிசெய்யப் பொறியாளர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். ஞானதிரவியம் தன்னாலான முயற்சி எல்லாம் செய்தார். அமலோற்பவம் உரிக்கக் கொடுத்த ஒரு கிலோ வெங்காயத்தில் நிறையவே தண்ணீர் வந்தது. படலம் அதைத் தரமில்லை என்று சொல்லி அப்படியே கன்னத்தில் இறக்கிவிட்டது. கடையில் வாங்கிய சொட்டு மருந்தை லாரித் தண்ணீர் கணக்காக ஒரு வேளைக்கு மட்டும் ஏற்றுக்கொண்டது. கடைசியில் பக்கத்துத் தெருவில் முன்பின் தெரியாத ஒரு துக்க வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அங்கே கொடுத்த காபி நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பம். வெள்ளை விழி ஓரத்தில் சிவப்பணுக்கள் ஒற்றை வரிசையில் தயாராக நின்றன. எல்லாம் நூற்றிருபது நாள் ஒப்பந்தத்தில் எடுத்த ஆட்கள். பிராணவாயு ஏற்ற இடம் வேண்டும் என்று தங்கள் உட்கருவையே கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்கள். அவர்களிடம் போய் நியாயம் பேச முடியாது.

"ஒரு கையெழுத்துப் போட்டுருங்க அண்ணாச்சி," என்றார் மெஹருன்னிசா. "வலிக்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் மங்கும்."

ஞானதிரவியம் கையெழுத்துப் போட்டார். பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியதை எல்லாம் பார்த்துக்கொண்டார். கொடியில் காயும் காக்கிச் சட்டை, எதிர்வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி, அமலோற்பவத்தின் முகம். இடது கண் இருக்கிறதே என்று யாரும் ஆறுதல் சொல்லவில்லை. இடது படலமும் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. வலதுக்குச் சாலை வந்துவிட்டால் அது சும்மா இருக்காது.

மெஹருன்னிசா விசிலை வாயில் வைத்து இரண்டு முறை அடித்தார். இரண்டாவது கொஞ்சம் நீண்டுவிட்டது.

ஞானதிரவியத்தின் இடது கால் கிளட்சைத் தேடிச் சிமெண்டுத் தரையை மிதித்தது. இடது கை கியர் கம்பியைத் தேடிப் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தது.

"என்னத்துக்குல கோவம்," என்றார் திரும்பிப் பார்க்காமலே. "எடுக்கேம்லா."

வண்டி நகரவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சுடுகாட்டைத் தாண்டிய பதினாறு தடவைக்கும் சேர்த்து அழுதார். சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்கும் என்று தெரிந்தும் அழுதார். அமலோற்பவம் பக்கத்தில் வந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். படலம் முழுவதும் வெள்ளம் புரண்டது.

மெஹருன்னிசா ஒரே ஒரு விசில் அடித்தார். வரிசை நின்றது.

அரை மணி நேரம் பொறுத்திருந்து, தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் இமையை விலக்கிப் பார்த்தார். படலம் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. 'இயற்கையான நீர் வரத்து உள்ளதால் மனு முடித்துவைக்கப்பட்டது' என்று எழுதி, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். சிவப்பணுக்கள் வந்த வழியே திரும்பிப் போயின. மாலைக்குள் கண் வெளுத்துவிட்டது. மறுமாதப் பரிசோதனையில் ஞானதிரவியம் அட்டையின் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

அதற்கு அடுத்த வாரம் இன்னொரு பதிவுத் தபால் வந்தது. இந்த முறை மனு கொடுத்திருந்தது இருதயம்.

"நாளொன்றுக்கு ஒரு லட்சம் நடை ஓட்டுகிறேன். அதற்கு வேண்டிய மின்சாரத்தையும் நானே தயாரித்துக்கொள்கிறேன். ஐம்பத்து மூன்று வருஷமாக ஓட்டுநரும் நானே, நடத்துநரும் நானே. ஒரு நாள் ஓய்வு கேட்டதில்லை. ஒரு நடத்துநர் மட்டும் போட்டுத் தந்தால் போதும்."

கீழேயே உத்தரவும் இருந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது. முன்னாள் ஏழாம் எண் வண்டி நடத்துநர் மா. பேச்சிமுத்து, வருகிற வியாழக்கிழமை முதல் பணியில் சேருவார்.

"பேச்சிமுத்து அண்ணனை எங்க நிக்க வைக்கது?" என்று கேட்டார் அமலோற்பவம்.

"இடது நுரையீரல் வலதைவிடச் சின்னதுதான். இருதயத்துக்குன்னு ஒதுங்கித்தான் கெடக்கு. இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கிடும்," என்றார் ஞானதிரவியம். "அவனுக்கு எடம் எதுக்கு. ஒரு நாளும் உக்காந்ததில்ல."

வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பது வண்டி. ஆட்கள் ஏறி முடித்தார்கள். பின்னால் புதிய கண்டக்டர் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினான். ஞானதிரவியம் அசையவில்லை, காத்திருந்தார். நெஞ்சுக்குள் இடது பக்கமாக இரண்டு விசில் கேட்டது. இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன.

அவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, டிப்போ வாசல் கடையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.