எல்லார் தண்ணீரும் கலந்து

காலை ஏழு மணிக்குக் கால்வாய் காய்ந்து கிடந்தது. முப்பத்தெட்டு வீட்டில் குளித்தது, துவைத்தது, கழித்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஏரிக்கு இறங்கும் சிமெண்டுக் கால்வாய் அது. இந்நேரத்துக்கு நுரை தள்ளிக்கொண்டு ஓடவேண்டும். மார்கரெட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் காலி பாட்டிலோடு சந்தியா நின்றாள்.

சந்தியா சென்னையிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரி. கழிவுத் தண்ணீரைச் சோதித்தால் ஓர் ஊர் ஜனத்தின் உடம்புக்குள் என்னென்ன ரசாயனம் போகிறது என்று சொல்லிவிடுவாளாம். கொசு மருந்து, முகத்துக்குப் பூசும் கிரீம், மாத்திரை, எதுவும் தப்பாது. போன வருஷம் இதைக் கேட்டதும் இந்த ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்மதிக்க வைத்தவள் மார்கரெட்தான்.

"எல்லார் தண்ணியும் கலந்துதான்க்கா போவுது. வூட்டு பேரும் வராது, ஊரு பேரும் வராது. அந்தப் பொண்ணே சொல்லிச்சு."

சந்தியா சொன்னது நிஜம். மார்கரெட் வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னாள்.

சோதனையில் வலி மாத்திரைதான் எக்கச்சக்கமாக இருந்ததாம். இருக்காதா பின்னே? இறால் போடும் பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, நாளெல்லாம் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவுகிறவர்களுக்குக் கழுத்தும் முதுகும் வேறென்ன கேட்கும்? தினமும் இறால் தடவப் போகும் ஜெயம்மாவைக் கேட்டிருந்தால் பாட்டில் இல்லாமலே சொல்லியிருப்பாள். ஆனால் நகரத்தில் ஏதோ கூட்டத்தில் காட்டிய வரைபடத்தில் குப்பத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் படம் போன் போனாகச் சுற்றி வந்தது. ஒரே வாரத்தில் இறால் வியாபாரி கூடையைத் தொடாமலே சொல்லிவிட்டான்.

"மருந்து தண்ணி ஊரு எறா எனுக்கு வேணாம்."

இறாலில் மருந்து இருப்பதாக யாருமே சொல்லவில்லை. அதை யார் காதில் வாங்கினார்கள்!

பக்கத்து வீட்டு ருக்கு மட்டும் நேரில் வந்தாள். "இன்னா மார்கரெட்டு, பேரு வராதுன்னு நீதானே சொன்ன?" சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

இப்போது சந்தியா திரும்ப வந்திருக்கிறாள். கால்வாய்த் தண்ணீரோடு இறாலையும் சோதித்து, இறால் சுத்தம் என்று எழுதித் தருகிறாளாம். அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் மார்கரெட் கூட வந்தாள்.

"மேப்ல பேர் போட்டது நான் இல்லக்கா. எங்க சார்தான் போட்டுட்டாரு," என்றாள் சந்தியா.

"எங்க வூட்டுல துன்னது நீ. உங்க சாரு வர்ல."

மார்கரெட் நம்பியது இவள் ஒருத்தியை, நம்ப வைத்தது ஊரையே.

அப்போதுதான் ருக்கு ஒரு பேசின் நிறைய அழுக்குத் தண்ணீரை இடுப்பில் தாங்கி அவர்களைக் கடந்து போனாள். வீடுகளுக்குப் பின்னால் மணலில் ஊற்றிவிட்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜெயம்மா, குடத்தோடு. இருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கால்வாயில் ஒரு சொட்டும் விடக்கூடாதென்று ஊர் முழுக்கப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். மார்கரெட்டிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

கால்வாயில் மெல்லிசாக ஒரு கோடு இறங்கி வந்தது. மேலே மார்கரெட் வீட்டில் அவள் புருஷன் சாலமன் குளித்துக்கொண்டிருந்தான். முந்தாநாள் அவள் வாங்கி வைத்த வேப்பெண்ணெய் சோப்பு வாசனை. வேறு எந்த வீட்டுத் தண்ணீரும் அதில் கலக்கவில்லை.

"வருதுக்கா," என்று சந்தியா குனிந்து பாட்டிலை நீட்டினாள்.