ஒரு விரற்கடைக் கண்ணாடி

என் மனைவியின் அண்ணன் கார் நிறுவனமொன்றின் தலைவர். நான் அதே நிறுவனத்தில் கதவுப் பரிசோதகன். இருவரும் ஒரே நாளில், ஒரே அளவு நீலச் சட்டை வாங்கிக்கொண்டு வேலையில் சேர்ந்தவர்கள். அவருக்குச் சட்டை மாறிக்கொண்டே போயிற்று. எனக்கு அளவு மட்டும் மாறியது.

கதவு மூடும் ஓசையைக் கொண்டே வண்டியின் தரத்தைச் சொல்லிவிடுவார் என்பது அவருடைய பெரும்புகழ். கண்ணை மூடிக் கதவைச் சாத்துவார்; ஓசை அடங்கியதும் கண் திறந்து, "தேறும்" என்பார். பத்திரிகைகள் அதை அருள்வாக்கென எழுதின. பயிற்சிக் காலத்தில் அவ்வித்தையை அவருக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். சென்ற வாரப் பேட்டியிலோ, "இது பிறவியிலேயே வாய்த்த செவி" என்றிருந்தார். என் மனைவி அப்பக்கத்தைக் கத்தரித்துச் சட்டமிட்டு, சாப்பாட்டு மேசைக்கு நேரே மாட்டினாள்.

"சாப்பிடும்போதாவது உங்க அண்ணன் என்னை முறைக்காம இருக்கக் கூடாதா?"

"சிரிச்சுக்கிட்டுதானே இருக்காரு?"

"பார்த்தாலே நெஞ்சு எரியுது."

"அது சாப்பாட்டால வந்த எரிச்சல் இல்லீங்க."

அவள் சொன்னது மெய். எல்லாரும் நலமுற வேண்டுமென்று காலைதோறும் துதிபாடும் என் நா, 'எல்லாரும்' என்னுமிடத்தில் அவர்பொருட்டு ஒருகணம் இடறும்.

புதிய வண்டியின் அறிமுக விழா வந்தது. கண்ணாடிகள் முழுதும் ஏறியிருக்கையில் கதவை மெல்லச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று எதிர்த்துத் தள்ளும், பூட்டு பற்றாது. ஆகையால் பின்கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவைப்பது என் பணி. அன்று நான் இறக்கவில்லை. மறதியன்று, பொத்தான்மேல் வைத்த விரலை எடுத்துவிட்டேன். ஓசை பிசகும், தம் வண்டியைத் தாமே ஊரறியக் குறைசொல்லி நிற்பார் என்று எண்ணினேன்.

"என்ன மாப்பிள்ளை, எல்லாம் ரெடியா?"

"ரெடி, மச்சான்."

"மேடையில எனக்கு நேரா நில்லுங்க. பின்னாடி போய் ஒளிஞ்சுக்காதீங்க."

தம் பெருமைக்குச் சாட்சி தேடுகிறார் என்று பல்லைக் கடித்தேன்.

கண்மூடினார். சாத்தினார். ஈரத்துணி தரையில் விழுந்தாற்போல் எழுந்தது ஓர் ஓசை. எந்தச் செவிக்கும் அது தப்பாது. அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். செய்த வஞ்சம் வெளித்தெரியாதிருக்க, நான் முகத்தைக் கற்சிலைபோல் சலனமின்றி வைத்துக்கொண்டேன்.

"தேறும்!" என்றார்.

முன்வரிசை நிருபர் பெண் ஒருத்தி எழுந்துவந்து, ஒற்றை விரலால் கதவை இழுத்தாள். அது வந்துவிட்டது. அரங்கம் சிரித்தது.

"சார், இது தேறினதுன்னா தோத்தது எப்படி இருக்கும்?"

அவர் சிரிக்கவில்லை, சினக்கவுமில்லை. ஒலிவாங்கியை எடுத்தார்.

"தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சல் என் காதைத் தின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. ஆளு பேசுறது கேக்கும். கதவு பேசுறது கேக்காது. சத்தம் சரியில்லன்னா, அதோ நிக்கிற என் தங்கச்சி புருஷனுக்குப் புருவம் லேசா சுருங்கும். அதைப் பார்த்துத்தான் அத்தனை வண்டிக்கும் தீர்ப்பு சொன்னேன். எனக்கு இதைக் கத்துக்கொடுத்ததும் அவர்தான். பேட்டியில சொல்ல மனசு வரல. தப்புதான்."

முப்பதாண்டுகளாக நான் ஏங்கிய கேமராக்கள் யாவும் என் பக்கம் திரும்பின. கைதட்டல் கூரையை முட்டிற்று. விழாவுக்கு வந்திருந்த என் மனைவி இருக்கையைவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு அருகில் வந்தார். "இன்னிக்கு ஏன் மாப்பிள்ளை, புருவம் சுருங்கல?"

"கண்ணாடிய இறக்கல, மச்சான்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல" என்றேன். அந்த ஆரவாரத்தில் என் குரல் அவருக்கு எட்டியிராது. ஆயினும் என் முகத்தை அவர் நெடுநேரம் படித்தார். பிறகு, எனக்கு நீட்டவிருந்த ஒலிவாங்கியை மேசைமேல் வைத்துவிட்டு மேடையிறங்கினார்.